படித்தால் பணம் கிடையாதாம்!

பழைய துறைமுகத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த வாரத்துக்கு ஒத்திப் போட்டிருக்கிறேன். மன்னிக்கவும். மனதில் ஒரு எரிச்சல் இருக்கிறது, அதை இறக்கி வைக்காமல் வேறு எதையும் எழுத வரவில்லை.

காலை நடை முடிந்ததும் முதுநகர் மணிக்கூண்டுப் பக்கம் டீ குடிப்பது எங்கள் கோஷ்டியின் வழக்கம். ஆறு பேர். ஆறு பேருமே ஓய்வூதியக்காரர்கள். சர்க்கரை போடாத டீயும் சர்க்கரை போட்ட அரசியலும் தினமும் உண்டு. போன வாரம் பேச்சு இளைஞர்கள் பக்கம் திரும்பியது. நண்பர் ஒருவர் சொன்னார்:

"வேலையில்லாதவனுக்கு மாசாமாசம் கவர்மென்ட் காசு குடுத்தா, அவன் எங்க சார் வேலைக்குப் போவான்? உக்காந்து தின்னுக்கிட்டு இருப்பான்."

"எவ்வளவு கொடுக்கிறாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

ஒருவர் மூவாயிரம் இருக்கும் என்றார். இன்னொருவர் ஐயாயிரம் என்றார்.

"டிகிரி முடிச்சவனுக்கு அறுநூறு" என்றேன்.

"நாளைக்கா?"

"மாசத்துக்கு."

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த ஆறு பேரும் அரசாங்கத்திலும் அரசு சார்ந்த இடங்களிலும் முப்பது வருடம் குப்பை கொட்டியவர்கள். அவர்களுக்கே தெரியவில்லை என்றால் மற்றவர்களை என்ன சொல்வது? அதனால் முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். சண்டை பிறகு.

தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான உதவித்தொகைத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வேலைவாய்ப்பு அலுவலகம் வழியாகத் தருகிறார்கள். பத்தாம் வகுப்பு தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய். தேறியவருக்கு 300. பிளஸ் டூ முடித்தவருக்கு 400. பட்டதாரிக்கு 600. மூன்று வருடம் வரைதான் கிடைக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் போடுவார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் 600, 750, 1,000 என்று சற்றுக் கூடுதலாகப் பத்து வருடம் வரை உண்டு.

இனி நிபந்தனைகள். கல்வித் தகுதியைப் பதிவு செய்து ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும். பதிவைத் தவறாமல் புதுப்பித்திருக்க வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வயது 40-க்குள், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 45-க்குள். எந்த வேலையிலும் சுயதொழிலிலும் இருக்கக் கூடாது. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, சட்டம் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு வருடமும் சுய உறுதிமொழி ஆவணம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. பள்ளியிலோ கல்லூரியிலோ முழுநேரமாகப் படித்துக்கொண்டு இருக்கக் கூடாது. அஞ்சல் வழியில், அதாவது தொலைதூரக் கல்வியில் படித்தால் பரவாயில்லை.

இந்தக் கடைசி நிபந்தனைதான் என் எரிச்சலுக்குக் காரணம்.

எங்கள் தெருவில் ஒரு பெண். பெயர் வேண்டாம். அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவர். இந்தப் பெண் 2018-ல் பி.எஸ்சி. வேதியியல் முடித்தாள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி. அன்றைக்குத் தெருவே அவள் வீட்டில் கேசரி சாப்பிட்டது, நானும் சாப்பிட்டேன். கல்லூரி முடித்த கையோடு பட்டத்தைப் பதிவு செய்தாள். சிப்காட்டில் இருக்கிற ரசாயனக் கம்பெனிகளில் ஏதாவது கிடைக்கும் என்று நம்பினாள். வேதியியல் படித்தவளுக்கு வேதியியல் கம்பெனி வீட்டு வாசலில் இருக்கிறது, அப்புறம் என்ன என்று நாங்களும் சொன்னோம். கிடைக்கவில்லை. ஒப்பந்த வேலை, ராத்திரி ஷிப்ட், ஆம்பளைங்கதான் வேணும் என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு பதில். தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். போட்டித் தேர்வு எழுதினாள். ஒரு மதிப்பெண்ணில் போனது, இரண்டு மதிப்பெண்ணில் போனது.

2023-ல் ஐந்து வருடம் நிறைந்தது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க நான்தான் படிவத்தை நிரப்பிக் கொடுத்தேன். வருமானச் சான்றுக்காக அவளும் நானும் ஒரு அலுவலகத்துக்கு நான்கு முறை போனோம். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. முதல் நாள் அதிகாரி இல்லை. இரண்டாம் நாள் சர்வர் இல்லை. மூன்றாம் நாள் ரேஷன் கார்டு நகலில் கையெழுத்து இல்லை. நான்காம் நாள் எல்லாம் இருந்தது, கிடைத்தது. அந்த அக்டோபர் முதல் பணம் வந்தது. மூன்று மாதத்துக்கு 1,800 ரூபாய்.

2025 ஜூன் மாதம் அந்தப் பெண் என் வீட்டுக்கு வந்தாள். மருத்துவ ஆய்வக நுட்பநர் பட்டயப் படிப்பு, இரண்டு வருடம், ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்றாள். படித்து முடித்தால் ரத்தப் பரிசோதனை நிலையத்திலாவது நிச்சயம் வேலை. அம்மா தோட்டை அடகு வைக்கச் சம்மதித்துவிட்டார். சந்தோஷமான செய்திதானே? ஆனால் அவள் முகத்தில் ஒரு தயக்கம் இருந்தது.

"தாத்தா, ரெகுலர் காலேஜ்ல சேர்ந்தா அந்த அறுநூறு நின்னுடுமாமே?"

"ஆமாம்மா, நின்னுடும்."

"சொல்லாம இருந்துடுன்னு கூடப் படிச்சவங்க சொல்றாங்க. வருஷத்துக்கு ஒருவாட்டி எழுதிக் குடுக்கற பேப்பர்ல, படிக்கலன்னு எழுதிடு, யாரு வந்து பாக்கப் போறாங்கன்னு சொல்றாங்க. என்ன தாத்தா பண்ணட்டும்?"

முப்பத்து மூன்று வருடம் அரசு உத்தியோகம் பார்த்தவன் என்ன சொல்வேன்? "பொய் எழுதாதே, நாளைக்குச் சிக்கலாகும்" என்று சொன்னேன். அவளும் உண்மையை எழுதிக் கொடுத்தாள். பணம் நின்றது. 21 மாதம் வாங்கியிருந்தாள், இன்னும் 15 மாதம் பாக்கி. 9,000 ரூபாய். இன்றைக்கு அவள் பகலில் கல்லூரிக்குப் போகிறாள், சாயங்காலம் திருப்பாப்புலியூரில் ஒரு துணிக்கடையில் ஒன்பதரை மணி வரை நிற்கிறாள். ராத்திரி பத்து மணிக்குப் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதை வாசலில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.

இதில் சட்டப்படி யார் மீதும் குற்றமில்லை. பணத்தை நிறுத்திய ஊழியர் விதிப்படி நிறுத்தினார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். விதியைத்தான் குறை சொல்கிறேன். அந்தப் பெண் வீட்டில் சும்மா படுத்திருந்தால் அரசு பணம் தரும். வேலை கிடைக்க எது வழியோ அதைச் செய்தால் பணத்தை நிறுத்தும். பொய் எழுதினால் பணம், உண்மை எழுதினால் வெட்டு. இப்படி ஒரு விதியை வைத்துக்கொண்டு, "இளைஞர்கள் சோம்பேறி ஆகிவிட்டார்கள்" என்று நாம் டீக்கடையில் பேசுகிறோம்.

தொலைதூரக் கல்விக்குத்தான் அனுமதி இருக்கிறதே என்று கேட்கலாம். நல்ல விஷயம்தான். அதிலும் நம் மாவட்டத்துக்காரர்கள் அதைக் குறைத்துப் பேசவே கூடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-ல் வந்தது, அதன் தொலைதூரக் கல்வி 1979-ல் தொடங்கியது. என்னோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் அதில் படித்துத்தான் பதவி உயர்வு வாங்கினார்கள். சிதம்பரத்திலிருந்து பாடப் புத்தகக் கட்டு வந்தால் ஆபீஸே வேடிக்கை பார்க்கும். நானும் எம்.ஏ. அப்படித்தான் முடித்தேன். ஆனால் ரத்தக் குழாயில் ஊசி குத்துவதை அஞ்சல் வழியில் கற்க முடியுமா? நுண்ணோக்கியைத் தபாலில் அனுப்புவார்களா? கையால் செய்து பழக வேண்டிய எந்தப் படிப்புக்கும் நேரில்தான் போக வேண்டும். வேலை கிடைப்பதும் பெரும்பாலும் அந்தப் படிப்புகளுக்குத்தான். ஆக, வேலை தரக்கூடிய படிப்பைத் தேர்ந்தெடுப்பவருக்குத்தான் அடி விழுகிறது.

அடுத்து அந்த ஐந்து வருடக் காத்திருப்பு. இது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். வேலைவாய்ப்பு அலுவலகங்கள் 1945-ல் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வேலை தேடித் தருவதற்காக ஆரம்பித்தவை. 1956-ல் மாநிலங்கள் கைக்கு வந்தன. 1959-ல் காலியிடங்களைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. அன்றைக்குப் பதிவு என்றால் அதற்கு ஒரு பொருள் இருந்தது. எனக்கே 1979-ல் எம்ப்ளாய்மென்ட் ஆபீஸிலிருந்து கார்டு வந்துதான் தற்காலிக எழுத்தர் வேலை கிடைத்தது. 10 ஏ ஒன் என்று சொல்வோமே, அதுதான். இதைப் படிக்கிறவர்களில் பலர் அந்த வழியாக உள்ளே வந்தவர்கள், மறந்திருக்க மாட்டீர்கள். சீனியாரிட்டி என்ற சொல்லுக்கு அன்றைக்குத் தங்கத்தின் மதிப்பு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தவன் வீட்டில் அன்று சோறு கிடையாது.

பிறகு காலம் மாறியது. வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிற்காமல் செய்தித்தாளிலும் விளம்பரம் செய்து எல்லோரையும் அழைக்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நியாயமான தீர்ப்புதான். இன்றைக்கு அரசு வேலை பெரும்பாலும் போட்டித் தேர்வு வழியாகத்தான். பதிவு மூப்பால் வேலை கிடைப்பது அருகிவிட்டது. அப்படியிருக்க, உதவித்தொகைக்கு மட்டும் ஐந்து வருடம் பதிவில் காத்திரு என்பது எதற்காக? 21 வயதில் பட்டம் வாங்கியவருக்கு 26 வயதில்தான் முதல் 600 ரூபாய். பசிக்கிறவனிடம், நீ உண்மையாகவே பசியாக இருக்கிறாயா என்று ஐந்து நாள் பார்த்துவிட்டுச் சோறு போடுகிறேன் என்று சொல்வது போல இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு வருடப் பதிவு போதும் என்று வைத்திருக்கிறார்கள். அதையே எல்லோருக்கும் வைத்தால் வானம் இடிந்து விழாது.

மூன்றாவது, அந்த 72,000. மாதத்துக்கு 6,000. நாளைக்கு 200. முதுநகரில் இன்றைக்கு எந்தக் குடும்பம் நாளைக்கு 200 ரூபாயில் பிழைக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரு பையனின் அப்பா இரவுக் காவலாளி. மாதச் சம்பளம் 9,000. வருடத்துக்கு 1,08,000 ஆகிறது. அதனால் அந்தப் பையனுக்கு உதவித்தொகை கிடையாது. அதே வீட்டில் அவன் அம்மாவுக்குக் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1,000 வருகிறது. ஏனென்றால் அதற்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட மாணவர்களின் கல்வி உதவித்தொகைக்கும் வரம்பு இரண்டரை லட்சம். ஆக, ஒரே வீடு, ஒரே அடுப்பு. அம்மாவுக்கு அந்தக் குடும்பம் ஏழை. மகனுக்கு அதே குடும்பம் வசதியானது. இந்தக் கணக்கை யாராவது எனக்கு விளக்கினால் அவர்களுக்கு நான் டீ வாங்கித் தருகிறேன், வடையோடு.

மகளிர் தொகையைக் குறை சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அதைப் போல இதையும் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நியாயமாகப் பார்த்தால் படிப்பதற்குப் பணம் வேண்டும் என்பது அரசுக்குத் தெரியாததல்ல. அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் 2022 முதல் தருகிறார்கள். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாய். நான் முதல்வன் திட்டத்தில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க ஆயிரம் பேரைத் தேர்வு வைத்து எடுத்து, மாதம் 7,500 ரூபாய் பத்து மாதத்துக்குக் கொடுக்கிறார்கள். முதல்நிலைத் தேர்வில் தேறினால் 25,000. வேலைவாய்ப்பு அலுவலகங்களிலேயே இலவசப் பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள். எல்லாம் நல்லவை. கை தட்டுகிறேன்.

ஆனால் இவற்றின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்து முதல்முறை கல்லூரிக்குப் போகிறவருக்கு ஒரு வழி. ஐ.ஏ.எஸ். கனவு காண்கிறவருக்கு ஒரு வழி. ஒரு பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் ஐந்தாறு வருடம் போராடி, இனி வேறு ஒன்று படித்தால்தான் பிழைப்பு என்று 27 வயதில் முடிவெடுக்கிறவருக்கு என்ன வழி? அவர் புதுமைப் பெண் வருவதற்கு முன்பே பட்டம் வாங்கிவிட்டார். கையில் இருந்த 600-ஐயும் பிடுங்கிக்கொள்கிறோம். எங்கள் தெருப் பெண் விழுந்தது அந்தப் பள்ளத்தில்தான். நம் கடலூரில் அப்படி விழுந்தவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பொறியியல் படித்துவிட்டு பைக்கில் சாப்பாடு கொண்டு வந்து கொடுக்கிற பையன்களுக்கு அந்த 600 கூட என்றைக்கும் கிடையாது, தொழிற்படிப்பு படித்த பாவத்துக்காக.

இனி என் நண்பர்களின் ஆட்சேபங்களுக்கு வருகிறேன். இவற்றைச் சொன்னவர்கள் நல்லவர்கள், அதனால் மரியாதையோடு பதில் சொல்கிறேன்.

"சும்மா கொடுத்தால் சோம்பேறி ஆவான்." 600 ரூபாய் என்றால் நாளைக்கு 20 ரூபாய். ஒரு டீ குடித்துவிட்டு மீதியை வைத்துப் பாதி வடை தின்னலாம். இந்தப் பணத்தில் சோம்பேறியாக வாழக் கற்றுக்கொண்டவன் இருந்தால் அவனை நிதியமைச்சர் ஆக்கலாம். கிராமங்களில் நூறு நாள் வேலைக்கு 2025-26-ல் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி நாளைக்கு 336 ரூபாய். இரண்டு நாள் கூலி இந்த ஒரு மாத உதவித்தொகையைவிட அதிகம். முழு மூன்று வருடமும் வாங்கினாலும் மொத்தம் 21,600.

"அரசாங்கத்திடம் பணம் ஏது?" இதைக் கேட்ட நண்பருக்கு ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி எப்போது அறிவிப்பார்கள் என்று வாட்ஸ்அப்பில் தினமும் தேடுவதுதான் வேலை. நானும் தேடுகிறேன், மறைக்கவில்லை. 80 வயதானால் ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல் என்பதற்காகவே உயிரோடு இருக்கப் பிரியப்படுகிறவர்கள் நாங்கள். விலைவாசி ஏறினால் எங்களுக்கு ஏறுகிறது. அந்த 600-க்கு அகவிலைப்படி உண்டா? முன்பு 150, 200, 300 என்று இருந்ததை ஒருமுறை இரட்டிப்பாக்கினார்கள். அதோடு நின்றுவிட்டது. அரிசி விலை அந்தப் பெண்ணுக்கு மட்டும் ஏறாமல் இருக்கிறதா?

"எங்கள் காலத்தில் யார் கொடுத்தார்கள்?" நிறையப் பேர் கொடுத்தார்கள் ஐயா. காமராஜர் 1956-ல் மதிய உணவு கொண்டு வந்தார், அந்தத் தட்டில் சாப்பிட்டவர்கள் நம்மில் உண்டு. அரசு விடுதியில் தங்கிப் படித்தவர்கள் உண்டு. சம்பளச் சலுகையில் படித்தவர்கள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, படித்து முடித்தால் வேலை இருந்தது. ஒரு கார்டு வந்தது, நாம் உள்ளே போய் உட்கார்ந்தோம். அதன் பிறகு கதவு குறுகிவிட்டது. உள்ளே இருப்பவன் வெளியே நிற்பவனைப் பார்த்து, நான் கஷ்டப்பட்டு வந்தேன் என்று சொல்வது அழகல்ல.

"விதியைத் தளர்த்தினால் போலியாகக் கல்லூரியில் சேர்ந்து ஏமாற்றுவார்கள்." இப்போது உள்ள விதிதான் போலியை வளர்க்கிறது. படிக்கிறவளைப் படிக்கவில்லை என்று எழுதச் சொல்கிறது. ஒன்பதாயிரம் சம்பாதிப்பவரை ஆறாயிரம் என்று சொல்லச் சொல்கிறது. கல்லூரியில் சேர்ந்தால் வருகைப் பதிவு இருக்கிறது, தேர்வு முடிவு இருக்கிறது, அதைச் சரிபார்ப்பது எளிது. வீட்டில் ஒருவர் வேலையில்லாமல் இருக்கிறாரா என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இங்கே என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த காலத்தில் என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் எத்தனையோ முறை "குறைபாடு உள்ளது, திருப்பி அனுப்பப்படுகிறது" என்று எழுதியிருக்கிறேன். ஒருமுறை சிதம்பரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பையன் வந்தான். ஒரு நகலில் சான்றொப்பம் இல்லை. அடுத்த அறையில்தான் அதிகாரி இருந்தார், நான் எழுந்து போய் வாங்கியிருக்கலாம். "நாளைக்கு வாப்பா" என்றேன். அவன் "சரிங்க சார்" என்று போனான். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு இருந்திருக்காது என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. விதியைச் சரியாகக் கடைப்பிடித்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். இப்போது அந்தப் பெண்ணோடு நான்கு முறை வரிசையில் நின்றபோதுதான் மேசைக்கு மறுபக்கம் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. ஓய்வு பெற்ற பிறகு வந்த ஞானம், யாருக்கு லாபம்?

மற்ற இடங்களில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்த்தேன். கேரளாவில் பழைய வேலையில்லாதோர் படி மாதம் 120 ரூபாய், வருமான வரம்பு வருடத்துக்கு 12,000. அதைப் பார்த்தால் நம்முடையது தர்மப் பிரபு. கர்நாடகம் 2024 ஜனவரியில் யுவநிதி தொடங்கி, பட்டதாரிக்கு 3,000, பட்டயம் படித்தவருக்கு 1,500 என்று இரண்டு வருடத்துக்குத் தருகிறது. ஐந்து வருடமெல்லாம் காக்க வைப்பதில்லை, ஆறு மாதம்தான். ஆனால் அங்கேயும் மேற்படிப்புக்குப் போனால் கிடையாது. ஆக, படித்தால் வெட்டு என்ற இந்த நோய் நமக்கு மட்டும் இல்லை. ஜெர்மனியில் 1971-லிருந்து மாணவர்களுக்கென்று ஒரு சட்டம் இருக்கிறது. குடும்பத்தால் முடியாதவர் படிக்கப் போனால் செலவுக்கு அரசு தரும். அதில் பொதுவாகப் பாதி உதவி, பாதி வட்டியில்லாக் கடன். கடனை வேலை கிடைத்த பிறகு கட்டினால் போதும். படிப்பதை வேலை தேடுவதற்கு எதிரானதாக அவர்கள் நினைக்கவில்லை, அதை வேலைக்குப் போகும் வழியாகப் பார்க்கிறார்கள். ஜெர்மனிக்காரனின் பணம் நம்மிடம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணத்துக்குச் செலவில்லையே.

குறை சொல்லிவிட்டுப் போகிறவன் என்று பெயர் வாங்க விருப்பமில்லை. நான் கேட்பது இவ்வளவுதான்.

ஒன்று, உதவித்தொகை பெறுபவர் அங்கீகரிக்கப்பட்ட படிப்பில் சேர்ந்தால் தொகையை நிறுத்தக் கூடாது. மீதி மாதங்களுக்கு அதையே கல்வி உதவியாகத் தொடர வேண்டும். இதற்குப் புதிதாக ஒரு பைசா கூடத் தேவையில்லை, எப்படியும் கொடுப்பதாகச் சொன்ன பணம்தான்.

இரண்டு, ஐந்து வருடக் காத்திருப்பை ஒரு வருடமாக்க வேண்டும்.

மூன்று, வருமான வரம்பை மற்ற திட்டங்களைப் போல இரண்டரை லட்சமாக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு அளவுகோல்.

நான்கு, தொகையைக் குறைந்தது 1,000 ஆக்கி, விலைவாசியோடு ஏறும்படி செய்ய வேண்டும். நமக்கு ஏறும்போது அவர்களுக்கும் ஏறட்டும்.

ஐந்து, தொழிற்படிப்பு படித்தவர்களை ஒதுக்கும் விதியை எடுக்க வேண்டும். பொறியாளருக்கும் பசிக்கும்.

இந்த ஐந்தையும் ஒரு மனுவாகத் தட்டச்சு செய்து, மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிட்டேன். ரசீது வாங்கி வைத்திருக்கிறேன். மாவட்டத்தில் மாற்ற முடியாத விஷயம், சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஒரு மனு போனால் அது ஒரு கிழவனின் புலம்பல். இருநூறு மனு போனால் அது கோப்பாகும். கோப்பு எப்படி நகரும் என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்?

இதைப் படிக்கிற ஓய்வூதியக்கார நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்குப் படிவம் நிரப்பத் தெரியும். எந்த மேசையில் எது நிற்கும் என்று தெரியும். யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று தெரியும். முப்பது வருடம் அரசாங்கச் செலவில் கற்றுக்கொண்ட வித்தை அது. உங்கள் தெருவில் வேலையில்லாமல் நிற்கும் ஒரு பிள்ளையைக் கூப்பிடுங்கள். பதிவு செய்திருக்கிறாயா, புதுப்பித்தாயா என்று கேளுங்கள். ஒரு நாள் கூடப் போய் வரிசையில் நில்லுங்கள். மூட்டு வலிக்கும், பரவாயில்லை.

மணிக்கூண்டு கோஷ்டியில் இரண்டு பேர் மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். "உக்காந்து தின்பான்" என்று சொன்ன நண்பர் இன்னும் போடவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றார். நேற்று ராத்திரி அவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது பத்து மணிக்கு அந்தப் பெண் தோளில் பையோடு வந்தாள். "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

"யாரு சார் இந்தப் பொண்ணு?" என்றார் நண்பர்.

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்தப் பேப்பரக் காலைல கொண்டாங்க" என்றார்.

துறைமுகம் பற்றி அடுத்த வாரம் நிச்சயம் எழுதுகிறேன்.